திருடன் முகமும் ஒரு மரக்கால் தவிடும்

மருதையன் எங்கள் அரசங்கரையில் அடுத்த வீட்டு முருங்கைக்காயைக்கூடக் கேட்காமல் பறித்தவர் இல்லை. சென்னையில்தான் அவர் திருடாத தெரு கிடையாது. சங்கிலி அறுத்திருக்கிறார், பூட்டு உடைத்திருக்கிறார், கல்லூரிப் பெண்ணின் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு சந்து சந்தாக ஓடியிருக்கிறார். போலீஸ் ஸ்டேஷன் தரையில் ஜட்டியோடு அவர் குத்தவைத்து உட்கார்ந்த காட்சிகளை மட்டும் ஒட்டிப் போட்டால் ஒரு முழுப் படம் தேறும். நடுவில் இடைவேளையும் விடலாம். எல்லாம் கேமராவுக்கு முன்னால்.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். கும்பகோணத்தில் ஷூட்டிங் நடத்த வந்த கம்பெனியின் ஆள் ஒருவர் டீ குடிக்க அந்தப் பக்கம் ஒதுங்கினார். வியர்வையில் மின்னும் கருத்த உடம்போடு மருதையன் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டாராம்.

"அண்ணே, சினிமாவுல நடிக்கிறீங்களா?"

"எனக்கு நடிக்கத் தெரியாதுங்களே."

"நடிக்கவே வேணாம். வந்து நின்னா போதும்."

கூட மூட்டை தூக்கிய நாகநாதனையும் கூட்டிப்போனார்கள். நாகநாதன் நல்ல சிவப்பு. வெயிலில் நின்றால் காது மடல் ரோஜாப்பூ மாதிரி ஆகிவிடும். ஒரே லாரி, ஒரே மூட்டை, மதியம் ஒரே தூக்குச்சட்டியில் சோறு. ஷூட்டிங்கில் நாகநாதனுக்குக் காக்கி உடுப்பும் லத்தியும் கொடுத்தார்கள். மருதையனுக்குக் கிழிந்த பனியனும் கை விலங்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்பது மாதிரி எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். லத்தியால் அடிக்கும்போது நாகநாதன் மட்டும் காதோரம் குனிந்து, "அண்ணே, வலிக்குதா?" என்று கேட்டார். அதற்காக அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

நாகநாதன் ஒரு படத்தோடு ஊர் திரும்பிவிட்டார். மருதையன் சென்னைக்குப் போனார். மேக்கப்காரர் அவர் முகத்தில் இருக்கிற கறுப்பு போதாதென்று இன்னும் கொஞ்சம் பூசி, எண்ணெயும் தடவி விடுவார். படத்தில் திருடன் ஓடி ஒளியும் தெரு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: ஓட்டு வீடு, தண்ணிக் குடம், வாசலில் துணி உலர்த்தும் பெண்கள். எங்கள் குடியிருப்பையே பெயர்த்துக்கொண்டு போய் வைத்தது போல. அதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி ஈஸ்வரி ஒருநாள் கேட்டார்.

"ஏங்க, நம்ம தெரு மாதிரி தெருவுல இருக்கறவங்க ஒருத்தராச்சும் அந்தப் படத்துல வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்களே. நான் போறேன்ல, திருட."

சினிமா கேமராவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஷூட்டிங் முடிந்து அறைக்கு நடந்து வரும்போது நிஜப் போலீஸ் நிறுத்தும். எத்தனையோ பேர் போகிற சாலையில் அவரை மட்டும்.

"என்னய்யா தொழில்?"

"ரவுடிங்க, சார்."

"எந்த ஏரியா?"

"எல்லா ஏரியாவும்தாங்க. கூப்பிட்ட எடத்துக்குப் போவேன்."

அன்றைக்கு அவரை விடியும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்பது உண்மை. அவர் அப்படிப் பதில் சொன்னார் என்பதில் என் கைச்சரக்கு கொஞ்சம் கலந்திருக்கலாம். மருதையன் அவ்வளவு பேசக்கூடியவர் இல்லை. இத்தனை படத்தில் அவருக்கு ஒரு வரி வசனம் கிடைத்ததில்லை. அடி வாங்கும்போது "ஆ" என்று கத்துவதைக்கூட டப்பிங்கில் வேறு யாரோ கத்தினார்கள்.

கடைசியாக நடித்தது குழந்தை கடத்துகிறவனாக. நகரத்துப் பேருந்து நிலையம், மழை, பெஞ்சில் தூங்கும் தாய். பக்கத்தில் கிடக்கும் குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். துணிக்குள் ரப்பர் பொம்மைதான். ஆனாலும் மருதையன் கழுத்துக்குக் கை கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். டைரக்டர் மைக்கில் கத்தினார்.

"யோவ், அப்பன் மாதிரி பிடிக்காதே. திருடன் மாதிரி பிடி."

கக்கத்தில் இடுக்கிக் காட்டினார்கள். அப்படியே செய்தார். முறைக்கட்டுமா என்று சைகையில் கேட்டார். "ஒண்ணும் வேணாம். உன் மூஞ்சியே போதும்" என்றார்கள். படம் முடிந்ததும் ஊருக்கு வந்து, கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, குறுவை சம்பா என்று உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அந்தப் படத்தைப் பார்த்தவர்களே மறந்துவிட்டார்கள்.

அவருடைய மகள் சுடர்விழி மயிலாடுதுறையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறாள். மாப்பிள்ளை அன்பரசன் சிங்கப்பூரில் இருக்கிறார். முதல் குழந்தை பல் முளைக்கும் முன்பே போனது. இரண்டாவது, குப்புற விழப் பழகுவதற்குள். டாக்டர்கள் ஏதேதோ பெயர் சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்த மகளிடம் ஈஸ்வரி சொன்னார்: "தவிட்டுக்குக் குடுத்து வாங்கிடுவோம்டி."

பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் செய்கிற காரியம் இது. பிள்ளைகள் எல்லாம் நன்றாக வளர்ந்த வேறொரு வீட்டுக்குக் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும். பெற்றவள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பிறகு வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் தனியாகப் போய், ஒரு மரக்கால் தவிடு கொடுத்து அதை விலைக்கு வாங்கி வர வேண்டும். விற்ற வீட்டிலிருந்து குழந்தையைத் தவிர வேறு எதையும் எடுத்து வரக் கூடாது. சொந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும்வரை "எங்கள் பிள்ளை" என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், இரண்டு முறை வந்துபோனவனுக்கு மறுபடி வழி தெரிந்துவிடும். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால், மதிப்பில்லாதது என்று விட்டுவிட்டுப் போய்விடுவான்.

செல்லும் மரபணுவும் பாடம் நடத்துகிற சுடர்விழி ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "சரிம்மா, அதையும் செஞ்சிடுவோம்" என்றாள். இரண்டு முறை குழி தோண்டிய வீட்டில் யாரும் வாதம் செய்வதில்லை.

அய்யம்பேட்டைப் பக்கம் இருக்கும் மெஹராஜ் பேகம், சுடர்விழியோடு படித்த இர்ஃபானாவின் அம்மா. பெற்ற பிள்ளைகள் அத்தனையும் ஆளாகி நிற்கிற வீடு. காலையில் சுடர்விழி குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டு வந்தாள். மதியத்துக்கு மேல் மருதையன் தவிட்டோடு போனார். பேகம் தவிட்டைக் கையால் அளைந்து பார்த்து, "நல்ல தவிடுதான். ஏமாத்தலை" என்று சிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் அப்பினார்.

"இனி இது எங்க புள்ளை இல்லைங்க. நீங்க வெலைக்கு வாங்கினது."

பேகத்தின் மகன் கலந்தர் கார் எடுத்து வருகிறேன் என்றான். கூடாது என்று மருதையன் கையைக் காட்டிவிட்டார். புட்டியில் இருந்த பாலைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வீட்டிலிருந்து குழந்தை மட்டும்தான் வர வேண்டும். பஸ் ஏறினால் சீக்கிரம் வீடு வந்துவிடும் என்று நினைத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பையன் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தான். அதிலிருந்து ஒரு குரல் பதறிப் பதறிப் பேசியது: வடநாட்டிலிருந்து வந்த கும்பல் டெல்டாவுக்குள் புகுந்துவிட்டது, குழந்தைகளைத் தூக்கிப் போகிறார்கள், இந்த முகத்தை எங்கே பார்த்தாலும் பிடியுங்கள். மருதையன் சும்மா எட்டிப் பார்த்தார்.

மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பூசிய கறுத்த முகம் ஒன்று குனிந்து, துணிப்பொதியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கியது.

அது அவர் முகம்.

படத்திலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி, நிறத்தை எடுத்துவிட்டு, கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது போல ஆக்கியிருந்தார்கள். பையன் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டான். மருதையன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். கண்ணாடியிலும் அதே முகம் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முக்காடு போட்டால் இன்னும் மோசம் என்று தோன்றிக் கையை இறக்கினார்.

குழந்தையை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்று முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டார். இத்தனை நேரம் தானாகப் பிடித்திருந்த கைகளுக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சோடு இறுக்கினால் ஒளிப்பது போல் இருந்தது. மடியில் கிடத்தினால் யாருடையதோ போல் இருந்தது. அவர் கை மாற்றி மாற்றிப் பிடித்ததில் குழந்தை விழித்துக்கொண்டது. பசி நேரம். முதலில் சிணுங்கியது, பிறகு வீறிட்டது.

முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பினாள்.

"பசிக்குது போல. அம்மா எங்க?"

"வீட்டுல."

"கைக்குழந்தையைத் தனியா அனுப்பிட்டு அம்மா வீட்டுல இருக்காளா? உங்க பேத்தியா?"

ஆமாம் என்று ஒரு சொல். தலையை ஆட்டினால்கூடப் போதும். அவர் வாய் திறந்தது. வாய்க்கால் கரையில் இரண்டு சின்ன மண்மேடுகள் அவர் கண்ணுக்கு முன் வந்தன.

"இல்லீங்க" என்றார்.

"அப்ப யாரு புள்ளை?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். உறவுக்காரர் குழந்தை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன், எத்தனையோ இருக்கிறது. வசனம் இல்லாமலே பழகிய வாய்க்குப் பொய் சட்டென்று வரவில்லை. "வெலைக்கு வாங்கிட்டுப் போறேங்க" என்றார்.

பக்கத்துப் பையன் கைப்பேசியைப் பார்த்தான். இவர் முகத்தைப் பார்த்தான். மறுபடி கைப்பேசியைப் பார்த்தான். மெல்ல எழுந்து, தள்ளி நின்றுகொண்டான்.

"அண்ணே, வண்டியை நிறுத்துங்க" என்றான் டிரைவரிடம்.

செம்மங்கரைக் கைகாட்டியில் பஸ் நின்றது. மூன்று சாலை கூடுகிற இடம், டீக்கடை, பழக்கடை, வேலை முடிந்து நிற்கிற ஆட்கள். எத்தனை கைகள் அவரை இறக்கின என்று அவருக்குத் தெரியாது. குழந்தையை அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "தலையைத் தாங்கிப் புடிங்கம்மா."

"புடிங்கம்மான்னு தமிழ் பேசறான்டா."

"கத்துக்கிட்டு வந்திருப்பான். எந்த ஊருடா நீ? நாம் கியா ஹை?" என்று இந்தியில் பெயர் கேட்டான் ஒருவன்.

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலை? இதுக்கு மேல என்ன விசாரிக்கறது?"

முதல் அடி பின்னந்தலையில் விழுந்தது. அடுத்தது வாயில். சினிமாவில் அடி வாங்கும்போது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள். இங்கே எல்லாப் பக்கத்திலிருந்தும் விழுந்தது. சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்து நின்றன. சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் டீக்கடை ஓரமாக நின்றிருந்தார்கள். டீயைக் குடித்து முடிக்காமலே, தலையைக் குனிந்துகொண்டு வயல் வரப்பில் இறங்கி மறைந்தார்கள். அவர்களுக்குத் தெரியும், அடுத்து யார் என்று.

பழக்கடை ஞானாம்பாள்தான் முதலில் குழந்தையின் நெற்றியைப் பார்த்தவர். அந்தப் பெண்ணின் கையிலிருந்த குழந்தையைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"தவிடு" என்றார். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து, ஓங்கிய கை ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்துங்கடா. என்னய்யா குடுத்து வாங்கினே இதை?"

மருதையன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். "ஒரு மரக்கால் தவிடு."

"கேட்டுக்கிட்டீங்களா, எருமைங்களா? தவிட்டுக்கு வாங்கின புள்ளைடா. எங்க சின்னம்மா மவன் இப்படி வந்தவன்தான், இன்னிக்கு உங்களாட்டம் தடிமாடா நிக்கிறான்."

"பாட்டி, இந்தக் காலத்துல யாரு தவிடு குடுத்துப் புள்ளை வாங்கறா? நீயும் அவன் கூட்டா?"

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் கவிப்ரியா இறங்கினார். சின்ன வயது, மிடுக்கான நடை. கூட்டத்தை ஒதுக்கிவிட்டு மருதையனை நிமிர்த்தி நிற்க வைத்தார். ஒருவன் கைப்பேசியை நீட்டினான். அவர் அதைப் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"இது நீதானா?"

"நான்தாங்க. சினிமாங்க அது."

"குழந்தை யாரோடது? உன் வீட்டுப் பிள்ளைன்னா சொல்லு. விசாரிச்சு அனுப்பிடறேன். இல்லேன்னா ஸ்டேஷனுக்கு வா."

கூட்டம் அமைதியாகக் காத்திருந்தது. தன் முகத்துக்கு எதிரே இவ்வளவு பேர், அதுவும் தான் பேசுவதைக் கேட்பதற்காக நின்றதை மருதையன் அன்றுதான் பார்த்தார். இரண்டு சொல் போதும். குழந்தை அழுது அழுது குரல் கட்டிக் கேவிக்கொண்டிருந்தது.

"வாசப்படி தாண்டினதும் சொல்றேங்க" என்றார். "அரசங்கரை இங்க பக்கந்தான். வீடு வரைக்கும் வாங்க. அதுவரைக்கும் என்னைக் கேக்காதீங்க."

"திமிரைப் பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

கவிப்ரியா யோசித்தார். ஞானாம்பாளைப் பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறி, தன் மடியில் வைத்துக்கொண்டார். மருதையனைப் பின்னால் தரையில் உட்கார வைத்தார்கள். அந்த உட்காரல் அவருக்குப் பழக்கமானது. ஜீப்புக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. எங்கள் குடியிருப்புக்குள் அவை நுழைந்தபோது, ஓட்டு வீடுகளையும் தண்ணிக் குடங்களையும் பார்த்து ஒருவன் மற்றவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "படத்துல வர்ற அதே மாதிரி ஏரியாடா." பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

சுடர்விழி வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள். அப்பாவின் கிழிந்த சட்டையைப் பார்த்தாள், வீங்கிய வாயைப் பார்த்தாள், போலீஸ்காரியின் கையில் குழந்தையைப் பார்த்தாள். ஈஸ்வரி பின்னாலிருந்து அவள் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மருதையன் கையை நீட்டினார். கவிப்ரியா குழந்தையைக் கொடுக்காமல் படிக்கு வெளியே நின்றார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இது உங்க குழந்தையா?"

சுடர்விழி உதட்டைக் கடித்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டிருந்தன. இல்லை என்றால் அப்பாவை இந்த வாசலிலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள். ஆமாம் என்றால்? அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

குழந்தை மறுபடி அழுதது. கட்டிய குரலில், பூனைக்குட்டி மாதிரி. சுடர்விழியின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது. நனைந்து பரவி, புடவைத் தலைப்பிலும் ஊறியது. அவள் கைகளைக் குறுக்கே கட்டி மறைக்கப் பார்த்தாள். காலையிலிருந்து கட்டிக்கிடந்த பால் நிற்கவில்லை.

கவிப்ரியா அதைப் பார்த்தார். குழந்தையை மருதையன் கையில் வைத்துவிட்டு, வாசலுக்கு முதுகைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார்.

மருதையன் கழுத்துக்குக் கை கொடுத்து, நெஞ்சோடு அணைத்துப் படியைத் தாண்டினார். உள்ளே போன பிறகும் உடனே பேசவில்லை. மகள் சுவரோரம் உட்கார்ந்து குழந்தையை மார்போடு சேர்த்த பிறகுதான், வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"என் பேத்திங்க."

வீங்கிய வாயிலிருந்து வந்ததால் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கூட்டம் கலைந்துபோனது. முதலில் வண்டியை நிறுத்தச் சொன்ன பையன் மட்டும் தயங்கி நின்று, "நெசமாவே சினிமாவுல நடிச்சவரா?" என்று கேட்டுவிட்டு ஒரு செல்ஃபி கேட்டான். ஈஸ்வரி விளக்குமாற்றை எடுத்ததும் ஓடினான்.

மறுநாள் நாகநாதன் வந்து, அடி பட்ட இடங்களைப் பார்த்தார். "அண்ணே, போலீஸ் வேஷத்துல நான் அங்க இருந்திருந்தா, வலிக்குதான்னாவது கேட்டிருப்பேன்" என்றார். மருதையன் சிரிக்கப் போய் வாயைப் பிடித்துக்கொண்டார். அப்போதே நாகநாதன் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கைகாட்டியில் எடுத்தது. வாயில் ரத்தத்தோடு மருதையன், பின்னால் பழக்கடை. மழையும் இல்லை, எண்ணெயும் இல்லை. கடத்தல்காரன் பிடிபட்டான் என்று போட்டிருந்தது. முன்னதைவிட இது வேகமாகப் பரவியது. இதில் இருப்பது நிஜ ரத்தமாயிற்றே.

குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் பதிவில் இளநகை என்று பெயர். வீட்டில் தவிட்டம்மா. பல் முளைத்துவிட்டது, குப்புற விழுந்து தவழவும் ஆரம்பித்துவிட்டது. தடுப்பூசி போடப் போகும் நாளில் ஈஸ்வரி தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பார். மருதையன் யாரோ போல, கொஞ்சம் தள்ளிப் பின்னால் வருவார். பாட்டியின் தோளுக்கு மேலாக எம்பி அது அவரை நோக்கிக் கையை நீட்டும். அவர் உடனே வாங்கிக்கொள்வதில்லை. முதலில் சாலையின் இரண்டு பக்கமும் பார்ப்பார், யார் பார்க்கிறார்கள் என்று.